டாக்டர் சொன்னார், சரி. எதை வைத்துச் சொன்னார்?



சென்ற இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம், "குழந்தைக்குச் சளி விடமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?" என்று எழுதுவீர்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "போனில் ஒரு டாக்டர் இப்படிச் சொன்னார், செய்யலாமா?" என்று எழுதுகிறீர்கள். எட்டு மாதக் குழந்தையின் தாயான ஒரு சகோதரி, இருமலுக்குத் தேன் தடவலாமா என்று கேட்டிருக்கிறார். தடவலாம் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். தொடவே கூடாது என்று இன்னொரு டாக்டர் சொன்னாராம். "இரண்டு பேருமே டாக்டர்கள்தான். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று முடித்திருக்கிறார்.

அந்தச் சகோதரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது நிரம்பும்வரை குழந்தைக்குத் தேன் வேண்டாம், ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் சில சமயம் 'பாட்டுலிஸம்' என்ற நோயைக் கொடுக்கும் கிருமியின் வித்துகள் கலந்திருக்கும். பெரியவர்களின் வயிற்றில் அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, விஷத்தை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்திவிடும். குழந்தைக்குப் பால் குடிக்கக்கூடத் தெம்பு இராது. 1976-ல் அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகளிடம் இந்த நோயை அடையாளம் கண்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனபோது, அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கொடுத்த தேனிலேயே அந்தக் கிருமி அகப்பட்டது.

கவனித்தீர்களா? 'தேன் வேண்டாம்' என்பதோடு நான் நிறுத்தவில்லை. ஏன் வேண்டாம், அது எப்படித் தெரிய வந்தது என்பதையும் சொன்னேன். ஒருவர் சொல்லும் யோசனையை எது தாங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

போனில் பேசும் டாக்டர்களைக் குறை சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. வாஸ்தவமாகவே நல்ல காரியம் செய்பவர்கள் அவர்களில் பலர் உண்டு. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வரும் நமக்கு, அடுப்படியில் நின்றபடியே ஒரு டாக்டர் பொறுமையாக, நல்ல தமிழில், விளக்கிச் சொன்னால் மனசு குளிர்ந்துபோகிறது. ஆனால் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறோமா? புடவையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எடுக்கிறோமா? உடம்புக்குள்ளே போகிற சமாசாரத்துக்கு மட்டும் ஏன் கேள்வி கேட்கக் கூசுகிறோம்?

நாத்தனார் மகள் நிறுத்திய மாத்திரை

என் நாத்தனார் மகளுக்கு வயது இருபத்தெட்டு. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்பட்டுக் கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே தைராய்டு சுரப்பது குறைவு என்று கண்டுபிடித்து, தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். போன மாதம் நான்கு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். முதல் நாள் காலையில் பல் தேய்த்ததும் நேரே காபிக்குக் கையை நீட்டினாள்.

"மாத்திரை போட்டாச்சா? அரை மணியாவது ஆகணுமே காபி குடிக்க?" என்றேன்.

"நிறுத்திட்டேன் அத்தை. மூணு வாரமாச்சு. ஒண்ணுமே ஆகலை, நல்லாத்தான் இருக்கேன்."

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"போன்ல ஒரு டாக்டர் சொன்னார் அத்தை. சும்மா யாரோ இல்லே, நிஜ டாக்டர். லட்சக்கணக்கான பேர் அவர் வீடியோவைப் பார்க்கிறாங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் இந்தக் காலத்துப் பெண்கள் வாயை மூடிக் கொள்வார்களே தவிர, போனை மூடமாட்டார்கள். "சரி, அந்த வீடியோவைப் போடு, நானும் பார்க்கிறேன்" என்றேன். இருவரும் ஊஞ்சலில் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தோம். இரண்டாவது தடவை பார்க்கும்போது ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'மாத்திரையை விட்டுவிடலாம்' என்ற அந்த ஒரு யோசனைக்கு டாக்டர் எதையெல்லாம் முட்டுக் கொடுக்கிறார் என்று குறித்துக் கொண்டேன். ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீங்கள் பார்க்கிற வீடியோக்களிலும் பெரும்பாலும் இவைதான் இருக்கும்.

முதல் முட்டு: வெள்ளைக் கோட்டு

கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு, பின்னால் கனமான புத்தகங்கள், 'இருபது வருஷ அனுபவம்' என்ற வார்த்தை. படித்தவர் என்பதற்கு இது அடையாளம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படித்தவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அதுவே ஆதாரமாகிவிடாது. எதில் டாக்டர் என்பதும் ஒரு கேள்வி. பல் டாக்டரும் டாக்டர்தான், சரித்திரத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவரும் டாக்டர்தான்.

உலகப் புகழ் பெற்ற ஒரு டாக்டரின் கதையைக் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெஞ்சமின் ஸ்பாக். குழந்தை வளர்ப்பு பற்றி 1946-ல் அவர் எழுதிய புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அன்பானவர், குழந்தைகளின் நன்மையைத் தவிர வேறெதையும் நினைக்காதவர். 1950-களில் வந்த பதிப்புகளில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்று எழுதினார். காரணமும் சொன்னார்: மல்லாந்து படுத்த குழந்தை வாந்தி எடுத்தால் புரையேறிவிடும் என்றார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! லட்சக்கணக்கான தாய்மார்கள் அப்படியே செய்தார்கள்.

பிற்பாடு, தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோன குழந்தைகளை ஆராய்ந்தபோது, குப்புறப் படுத்த குழந்தைகளுக்கே அந்த ஆபத்து பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும், 'குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பெரிய பிரசாரம் நடந்தது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட இறப்புகள் சில வருஷங்களில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. 2005-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். 1970 வாக்கிலேயே யாராவது இதைச் செய்திருந்தால் ஆபத்து புலப்பட்டிருக்கும். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். டாக்டர் கெட்டவரல்ல. அவர் யோசனைக்கு அடியில் அஸ்திவாரம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முட்டு: உடம்புக்குள் நடக்கிற கதை

"தினமும் வெளியிலிருந்து மாத்திரை போட்டால், உள்ளே இருக்கிற சுரப்பி சோம்பேறி ஆகிவிடும்" என்றார் அந்த வீடியோ டாக்டர். என் மருமகள் தலையை ஆட்டினாள். "அது சரிதானே அத்தை?"

"ஏம்மா, பல்லு போன தாத்தா பல் செட்டு கட்டிக்கிறார். செட்டு கட்டினதாலே பல்லு சோம்பேறி ஆயிடுச்சுன்னு சொல்லுவியா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய சுரப்பியால் போதுமான அளவு சுரக்க முடியவில்லை. குறைகிறதை மாத்திரை நிரப்புகிறது. மாத்திரையால் சுரப்பி கெடவில்லை, கெட்டதால்தான் மாத்திரை வந்தது.

இம்மாதிரிக் கதைகள் புத்திசாலிகளைத்தான் அதிகம் ஏமாற்றும். காரண காரியம் பொருந்தி வருவதுபோல இருக்கும். டாக்டர் ஸ்பாக் சொன்ன புரையேறும் காரணமும் அப்படித்தான். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. மேலே வந்த பால் மூச்சுக்குழாய்க்குள் ஏறுவது உண்மையில் கஷ்டம். கதை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அப்படி நடக்கிறதா என்று மனிதர்களிடம் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது முட்டு: 'என்னிடம் வந்தவர்கள்'

மூன்று பெண்களின் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைக் காட்டினார். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். அளவு முதலில் உயர்ந்திருந்தது. அவர் சொன்ன பத்தியத்தை மூன்று மாதம் இருந்த பிறகு இறங்கிவிட்டது. பொய்க் காகிதம் என்று நான் சொல்லமாட்டேன். நிஜமாகவே இருக்கலாம்.

ஆனால் டி.எஸ்.ஹெச். கொஞ்சமாக உயர்ந்திருக்கிற பலருக்கு, சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால், ஒன்றும் செய்யாமலே அது இறங்கியிருப்பது சகஜம். ஆகவேதான் லேசான ஏற்றத்துக்கு டாக்டர்கள் உடனே மாத்திரை எழுதாமல் இன்னொரு தடவை பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பத்தியம் இருந்த மூன்று பேர் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பத்தியமே இல்லாமல் இறங்கியவர்கள் எத்தனை பேர்? பத்தியம் இருந்தும் ஏறியவர்கள் எத்தனை பேர்? அந்தக் காகிதங்களை யாரும் காட்டுவதில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லாவிட்டால், மூன்று பேர் கதை கதையாகத்தான் நிற்கும்.

அவளே நன்றாகத்தான் இருக்கிறாளே என்கிறீர்களா? அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தைராய்டு மாத்திரை அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிற சரக்கல்ல. உடம்பில் இருப்பது பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் அதிலும் பாதி. அரிசி டின்னில் மளிகைக் கடைக்காரர் கொட்டுவதை நிறுத்தினாலும் அடியில் இருப்பதைக் கொண்டு கொஞ்ச நாள் சமையல் ஓடும் அல்லவா? அப்படித்தான். முதல் மூன்று வாரம் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு, மாத்திரை தேவையில்லை என்று அர்த்தமில்லை.

நான்காவது முட்டு: 'ஆய்வு சொல்கிறது'

இந்த வார்த்தையைக் கேட்டதும் நம் வாய் அடைத்துப் போய்விடுகிறது. அந்த வீடியோவில் ஒரு ஆங்கிலக் கட்டுரையின் முதல் பக்கம் ஒரு விநாடி மின்னி மறைந்தது. என் மகனைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். தலைப்பிலேயே இருந்தது: ஆய்வு நடந்தது எலிகளிடம்! எலிகளிடம் பார்ப்பது ஆராய்ச்சியின் முதல் படி, அதில் தப்பில்லை. ஆனால் அந்த முதல் படியில் நின்றுகொண்டு, மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணிடம் 'நிறுத்து' என்று சொல்ல முடியுமா?

மனிதர்களிடம் நடந்த ஆய்வென்றாலும் எத்தனை பேரிடம் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் மெஹ்மெட் ஆஸ் என்ற பிரபலமான இருதய அறுவை டாக்டர் டி.வி. நிகழ்ச்சி நடத்தி வந்தார். 2012-ல், வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையின் சத்து உடம்பை இளைக்க வைக்கும் என்று நிகழ்ச்சியில் காட்டினார். மாத்திரைகள் கடை கடையாக விற்றுத் தீர்ந்தன. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வு நடந்தது நம் இந்தியாவில். எத்தனை பேரிடம் தெரியுமா? 16 பேரிடம்! அந்தக் கணக்குகளும் திருத்தப்பட்டவை என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் கண்டது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த கம்பெனி 2014-ல் 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கட்டுரையை எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே 2014-ன் கடைசியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பத்திரிகையில், அந்த டி.வி. நிகழ்ச்சியின் யோசனைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. 80 யோசனைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மருத்துவ ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்தார்கள். 46 சதவீதத்துக்கு ஏதோ ஓர் ஆதாரம் இருந்தது. 15 சதவீதத்துக்கு, கிடைத்த ஆதாரம் நேர் எதிராக இருந்தது. மீதி 39 சதவீதத்துக்கு ஆதாரமே அகப்படவில்லை. பேசியவர் நிஜ டாக்டர், பெரிய டாக்டர். அப்படியும் பாதிக்குமேல் தாங்க ஆளில்லை.

ஐந்தாவது முட்டு: கீழே ஒரு பொடி

வீடியோ முடிந்ததும் அடியில் ஒரு பொடி டப்பா. மூன்று மாதக் கோர்ஸ். விலையைச் சொன்னால் உங்கள் மாத மளிகை ஞாபகத்துக்கு வரும்!

பொடி விற்பது மட்டுமே ஒருவரைப் பொய்யராக்காது. ஆனால் அங்கே நம் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். நம் நாட்டில் இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. நீரிழிவு, புற்றுநோய் போன்ற பல வியாதிகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. பதிவு பெற்ற அலோபதி டாக்டர் தம் பெயரையும் படத்தையும் போட்டு ஒரு மருந்தை விளம்பரத்தில் சிபாரிசு செய்யக் கூடாது என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை சொல்கிறது. சமூக ஊடகத்துக்கென்றே தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதிகள் கொண்டுவந்தது. அதே மாதமே அவற்றை நிறுத்தி வைத்துவிட்டது. ஆகையால் போனுக்குள் காவல்காரர் இருக்கிறார் என்று நம்பி நாம் தூங்கிவிட முடியாது.

நல்ல ஆதாரம் எப்படி இருக்கும்?

இத்தனையும் சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்று ஒரு குழந்தை வைத்தியர். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பானங்கள் கடையில் விற்பதை எதிர்த்துப் போனில் வீடியோ வீடியோவாகப் பேசி வந்தார். ஏறக்குறைய எட்டு வருஷம் போராடினார். அவர் எதை வைத்துப் பேசினார்?

ஒரு கையில் பானத்தின் பெட்டி, அதில் அச்சடித்த சர்க்கரை அளவு. மறு பக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். சூத்திரம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் உப்பு, இன்னும் இரண்டு உப்பு வகைகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூன்றாம் வகுப்புக் குழந்தையும் வித்தியாசம் சொல்லிவிடும். சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியை இன்னும் அதிகமாக்கும். 'என்னை நம்புங்கள்' என்று அவர் நிற்கவில்லை. 'நீங்களே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்' என்றார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அந்தச் சூத்திரப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது.

அந்தச் சூத்திரத்துக்கு அடியில் இருக்கும் அஸ்திவாரமும் லேசானதல்ல. 1971-ல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியே கொடுக்கச் செய்தார். தாய்மார்களும் உறவினர்களுமே கிண்ணத்தில் வைத்துப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு தேசம் தேசமாகப் பரிசோதித்துப் பார்த்து, அளவைத் திருத்தி, 2002-ல் இப்போதைய சூத்திரம் வந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம், பல ஊர்களில், பல பேர் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தால், அதைத்தான் ஆதாரம் என்கிறோம்.

அவள் என்ன செய்தாள்?

ஐந்து முட்டுகளையும் எழுதிய காகிதத்தை என் மருமகள் கையில் கொடுத்தேன். "நான் டாக்டர் இல்லேம்மா. மாத்திரை போடுன்னும் சொல்லலே, போடாதேன்னும் சொல்லலே. இதை எடுத்துக்கிட்டு உன் டாக்டரம்மாகிட்டே போய்க் கேளு" என்றேன்.

"திட்டுவாங்க அத்தை."

"திட்டினா திட்டட்டும். நாளைக்கே போ."

போனாள். டாக்டரம்மா திட்டவில்லை, ரத்தம் எடுத்துப் பார்த்தார். டி.எஸ்.ஹெச். ஏறித்தான் இருந்தது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். கர்ப்பமான முதல் மூன்று மாதம், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. குழந்தையின் சுரப்பி அப்போது வேலையை ஆரம்பித்திருக்காது. தாயிடம் குறைந்தால் கருச்சிதைவு அபாயமும் கூடும். ஆகையால் நாள் தள்ளிப்போனால் உடனே வரவேண்டும், மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார். குழந்தைக்கு ஆசைப்பட்டுக் கொண்டிருந்த பெண், தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருந்தாள். நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

அடுப்படியில் ஒட்டி வைக்க நான்கு கேள்விகள்

1. இவர் எதில் டாக்டர்? பேசுகிற விஷயம் அவர் படித்த விஷயமா? பதிவு பெற்ற டாக்டருக்குப் பதிவு எண் உண்டு. மாநில மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

2. எதை வைத்துச் சொல்கிறார்? தம் அனுபவமா, ஒருவர் இருவர் கதையா, எலிகளா, மனிதர்களா? எத்தனை பேர்? செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

3. மற்ற டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம், இந்தியக் குழந்தை வைத்தியர் சங்கம் போன்றவை சொல்வதோடு இது ஒத்துப் போகிறதா? உலகத்தில் எல்லா டாக்டரும் மறைக்கிறார்கள், நான் ஒருவன்தான் சொல்கிறேன் என்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

4. கடைசியில் என்ன விற்கிறார்?

நல்ல டாக்டருக்கு வேறு சில லட்சணங்களும் உண்டு. 'இது எல்லோருக்கும் பொருந்தாது' என்பார். 'இதில் இன்னும் தெளிவான முடிவு வரவில்லை' என்று ஒப்புக்கொள்வார். 'உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்' என்பார். அப்படிச் சொல்பவருடைய வீடியோ சுவாரசியமாக இராது. பார்ப்பவர்களும் குறைவாகவே இருப்பார்கள். அதனால் அவருக்குக் குறைவில்லை.

இன்னொரு வித்தியாசத்தையும் மனசில் வையுங்கள். சாயங்காலம் அரை மணி நடங்கள், உப்பைக் குறையுங்கள், தட்டில் ஒரு காய் கூட வையுங்கள் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலோருக்கு அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்து, தடுப்பூசியைத் தள்ளிப்போடு, குழந்தை வாயில் இதை ஊற்று என்று சொல்லும் யோசனை எதுவாக இருந்தாலும், வீடியோவில் ஆரம்பித்து வீடியோவிலேயே முடியக் கூடாது. நடுவில் உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த டாக்டர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். போனில் பேசுபவருக்கு உங்கள் ரத்தமும் தெரியாது, உங்கள் வயிற்றில் வளர்வதும் தெரியாது.

சகோதரிகளே, இந்தப் பதினைந்து நாளில் நீங்கள் பார்க்கும் வைத்திய வீடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை முட்டு இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். டாக்டர் பெயர் வேண்டாம். யோசனையும் அதற்கு அவர் காட்டிய ஆதாரமும் போதும். பயனுள்ளவற்றை எடுத்துப் பேசுவோம். அடுத்த இதழில், பல் முளைக்கும் குழந்தைக்கு வரும் காய்ச்சலும் பேதியும் பல்லால்தான் வருகின்றனவா என்று பார்க்கலாம்.